எத்தனையாவது மாடி? பெர்லினில் ஒரு டாஷ்ஹண்டைத் தத்தெடுக்க முதல் கேள்வி!

பெர்லின் நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது ஃபால்கென்பெர்க். அடுக்குமாடிக் குடியிருப்புகள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம். அங்கே திடீரென்று சாம்பல் நிற கான்கிரீட் கட்டடங்கள் தெரியும். வட்ட வட்டமான கூடங்கள், நேர்க்கோடாக ஓடும் நடைபாதைகள், நடுவே தண்ணீர். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏதோ விண்வெளி ஆராய்ச்சி மையம் போலத் தோன்றும். 2005-ல் வெளியான 'ஈயான் ஃப்ளக்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில், பல நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்கால நகரத்தைக் காட்ட இங்கேயும் படப்பிடிப்பு நடத்தினார்கள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கினால் குரைப்புச் சத்தம் கேட்கும். இதுதான் 'டீர்ஹைம் பெர்லின்'. டீர் என்றால் விலங்கு, ஹைம் என்றால் இல்லம். 1841-ல் தொடங்கப்பட்ட பெர்லின் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் இதை நடத்துகிறது. 2001-ல் இந்தப் புதிய வளாகத்துக்குக் குடிவந்தார்கள். பரப்பு சுமார் 16 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 40 ஏக்கர். நாய், பூனை, முயல், பறவை, பல்லி, பாம்பு என எல்லோருக்கும் இடம் உண்டு. ஐரோப்பாவின் மிகப் பெரிய விலங்குக் காப்பகங்களில் இதுவும் ஒன்று.

ஜெர்மனியில் இடம் போதவில்லை என்பதற்காக ஆரோக்கியமான நாயைக் கொன்றுவிட முடியாது. தக்க காரணமில்லாமல் எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தரக் கூடாது என்கிறது அந்த நாட்டுச் சட்டம். 2002-ல் விலங்குப் பாதுகாப்பை அரசியல் சாசனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால், சரியான வீடு கிடைக்கும்வரை நாய் காத்திருக்கும். தவறான வீட்டுக்குப் போனால் மறுபடியும் இதே கூண்டுக்குத் திரும்பி வரும். அப்படி வரக் கூடாது என்பதற்காகத்தான் இங்கே அத்தனை கேள்விகள். அதுவும் வந்து சேர்ந்திருப்பது ஒரு டாஷ்ஹண்ட் என்றால், கேள்விகள் இன்னும் நீளும்.

வளைக்குள் போக வளர்த்த உடம்பு

நீள உடம்பு, குட்டைக் கால், தொங்கும் காது. பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் இது பொம்மை நாய் அல்ல, வேட்டை நாய். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்பது பேட்ஜர், அதாவது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வளைக்கரடி. அந்த வளைக்குள் நுழைந்து அதை எதிர்கொள்ளவே இந்த நாயைத் தலைமுறை தலைமுறையாக இப்படி வளர்த்தெடுத்தார்கள். ஜெர்மானியர்கள் செல்லமாக 'டாக்கல்' என்பார்கள். வேட்டைக்காரர்களுக்கு இது 'டெக்கல்'. இந்த இனத்துக்கான சங்கம் 1888-லேயே அங்கே உருவாகிவிட்டது.

குறுகிய சுரங்கத்தில் புக வேண்டும், அதனால் குட்டைக் கால். மண்ணை வாரித் தள்ள வேண்டும், அதனால் அகன்ற பாதம். பூமிக்கு மேலே நிற்கும் எஜமானருக்குக் கேட்க வேண்டும், அதனால் உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். இருட்டுக்குள் யார் கட்டளையும் இல்லாமல் தானே முடிவெடுக்க வேண்டும், அதனால் பிடிவாதம். இன்றைக்கும் இந்த நாயின் அளவை மார்புச் சுற்றளவை வைத்தே பிரிக்கிறார்கள். எந்த வளைக்குள் புகும் என்பதுதான் கணக்கு. மிகச் சிறிய வகைக்குப் பெயரே 'முயல் டெக்கல்'.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் சின்னம் 'வால்டி' ஒரு டாஷ்ஹண்ட். கோடை ஒலிம்பிக்ஸின் முதல் அதிகாரபூர்வச் சின்னம் அதுதான். அந்த ஆண்டு மாரத்தான் பாதையையே வால்டியின் உருவம் போல வளைத்து அமைத்திருந்தார்கள். அத்தனை செல்லம்!

செல்லத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், நாய்களின் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அதே மரபணுவின் இன்னொரு நகலுக்கும் முதுகுத்தண்டு நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகள், இந்த நாய்களுக்கு இளம் வயதிலேயே இறுகிவிடுகின்றன. ஒரு நாள் அதில் ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால், பின்னங்கால்கள் செயலிழக்கும். மற்ற இனங்களைவிட டாஷ்ஹண்டுக்கு இந்த ஆபத்து 10 முதல் 12 மடங்கு அதிகம். ஏறக்குறைய நான்கில் ஒரு டாஷ்ஹண்ட் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவிக்கிறது.

எண்பது படிகள்

இப்போது பெர்லினுக்கு வருவோம். முதல் உலகப் போருக்கு முன்பு கட்டிய பழைய குடியிருப்புகள் இந்த நகரத்தின் அழகு. உயரமான கூரை, மரப்பலகைத் தரை, சித்திர வேலைப்பாடு செய்த வாசல். தரைத்தளமும் அதற்கு மேல் நான்கு மாடிகளும். பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. கூரை உயரம் என்பதால் ஒரு மாடிக்கு ஏறத்தாழ இருபது படிகள்.

நான்காவது மாடி என்றால் எண்பது படி. நாயை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது வெளியே கூட்டிப்போக வேண்டும். இறங்க எண்பது, ஏற எண்பது, மூன்று முறை. மொத்தம் 480 படிகள். ஒவ்வொரு படியும் அந்த நாயின் மார்பு உயரத்தை எட்டும். நோயின் வேர் மரபணுவில் இருக்கிறது, படிக்கட்டு மட்டுமே காரணம் அல்ல. ஆனால் ஏற்கெனவே முதுகு பாதித்த நாய்க்கோ, வயதான நாய்க்கோ இந்த 480 படிகள் தினசரி தண்டனை.

அதனால்தான் டாஷ்ஹண்டைப் பற்றிய காப்பக அறிவிப்புகளில் 'தரைத்தள வீடு அல்லது லிஃப்ட் உள்ள வீடு வேண்டும்' என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். 'தூக்கிக்கொண்டு ஏறுவேன்' என்று சொல்பவர்களும் உண்டு. பெரிய வகை டாஷ்ஹண்ட் சுமார் ஒன்பது கிலோ இருக்கும். இன்றைக்குத் தூக்கலாம். காய்ச்சலில் படுத்தால்? பனிக்காலத்தில் கையில் இரண்டு பையும் இருந்தால்? பத்து வருடம் கழித்து? டாஷ்ஹண்டுகள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. தத்தெடுப்பவரின் முழங்காலையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். முன்பெல்லாம் ஒப்பந்தத்தில் 'நாய், பூனை கூடாது' என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். 2013-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அக்கம்பக்கத்தாரின் அமைதியையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வளைக்குள் இருந்து மேலே கேட்பதற்காக உண்டான அந்தக் குரல், மூன்றாவது மாடிக்காரருக்கும் நன்றாகவே கேட்கும்!

பேச்சு முடிந்ததும் நாயோடு பழக விடுவார்கள். ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் பொதுவாக நடக்காது. பல அமைப்புகள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றன. பிறகு பாதுகாப்பு ஒப்பந்தம், அதற்கொரு கட்டணம். 'வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்' என்பது வழக்கமான நிபந்தனை. இதெல்லாம் முடிந்தபின் அரசு தன் பங்கைக் கேட்கும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டு வரி 120 யூரோ. நாய் யாரையாவது கடித்தால் ஈடுகட்ட, காப்பீடும் கட்டாயம்.

தரையில் உட்கார்ந்து பாருங்கள்

டாஷ்ஹண்டுக்காக வீட்டைத் தயார்செய்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தரையில் உட்கார்ந்து சுற்றிப் பார்ப்பது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வீடே வேறு மாதிரி தெரியும்.

தரை: பெர்லினின் பழைய வீடுகளில் மெருகேற்றிய மரத்தரை. நாயின் நகம் அதில் பிடிப்பதில்லை. திரும்பும்போது பின்கால் வழுக்கினால் முதுகு முறுக்கிக்கொள்ளும். நாய் நடமாடும் பாதையில் அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்புகளைத் தொடர்ச்சியாகப் போட வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அங்கேதான் வழுக்கும்.

சோபா: சாதாரண சோபாவின் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். டாஷ்ஹண்டின் தோள் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாம் பன்னிரண்டு அடிச் சுவரிலிருந்து நாளுக்குப் பத்து முறை குதிப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு சாய்தளப் பலகை போதும். ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் சாய்வு சுகமாக இருக்கும். மேலே துணியோ ரப்பரோ ஒட்ட வேண்டும். கட்டிலுக்கும் காருக்கும் இதேதான்.

தூங்கும் இடம்: திறந்த மெத்தையைவிட, உள்ளே புகுந்துகொள்ளக் கூடிய கூடு பிடிக்கும். ஒரு போர்வையைப் பை போல மடித்து வைத்தாலே மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். வளையின் நினைவு அது!

தோட்டம்: வேலி உயரமாக இருந்தால் போதாது. அடியில் மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், காலையில் பூச்செடிக்குப் பக்கத்தில் புது சுரங்கப்பாதை ஒன்று தயாராக இருக்கும்.

வார்: கழுத்துப் பட்டையில் இழுத்தால் பாரமெல்லாம் கழுத்தெலும்பில் இறங்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையே நல்லது.

தட்டு: எடை கூடினால் முதுகுக்குப் பாரம். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும், விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பாவமான பார்வையில் இந்த நாயை யாரும் மிஞ்ச முடியாது. வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால், மாதக் கடைசியில் எடை சொல்லிவிடும்.

தூக்கும் விதத்தையும் எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துக் குழந்தை போல நிமிர்த்தித் தூக்கவே கூடாது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

மீட்கப்பட்ட நாய்களை வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பயம் தெளிய மூன்று நாள், வீட்டின் வழக்கம் புரிய மூன்று வாரம், 'இது என் வீடு' என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் பொறுமைக்கு நல்ல அளவுகோல். முதல் நாளே சொந்தக்காரர்களை அழைத்து விருந்து வைக்க வேண்டாம். சோபாவுக்கு அடியில் ஒளிந்தால் கையை விட்டு இழுக்க வேண்டாம். வளைக்குள் இருக்கும் டாஷ்ஹண்ட் எதிரியைக் கண்டு பின்வாங்கப் பழகியதல்ல, கடித்துவிடும். தானாக வெளியே வரும்வரை அதே அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய வேலை.

முதுகைக் காப்பது என்றால் நடக்கவே விடாமல் வைத்திருப்பது அல்ல. தினசரி நடைதான் முதுகைத் தாங்கும் தசையை வளர்க்கும். பெர்லின்காரர்கள் அதற்குப் போகும் இடம் க்ரூனவால்ட் காடு. ஏரிக்கரையில் 1542-ல் கட்டிய வேட்டை மாளிகை ஒன்று இருக்கிறது. இன்று அந்தப் பக்கம் நாய்களை அவிழ்த்துவிட அனுமதித்த பெரிய பகுதி உண்டு. பைன் மரங்களுக்கு நடுவே எல்லா இன நாய்களும் ஓடுவதைப் பார்க்கலாம். புதிதாக வந்த டாஷ்ஹண்டை மட்டும் நீண்ட வாரில் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். மூக்கில் ஒரு வாசனை ஏறிவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் விழாது. காட்டில் பன்றிகளும் உண்டு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் நாய் முதுகை வளைத்துக்கொண்டு நடுங்கலாம், தொட்டால் கத்தலாம், பின்கால் தள்ளாடலாம். அது சோம்பல் அல்ல, அவசரநிலை. நடக்கவிடாமல் தட்டையாகத் தூக்கி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாம் சாப்பிடும் வலிமாத்திரையைக் கொடுக்கவே கூடாது, நாய்க்கு அது விஷமாகலாம். சிலவற்றுக்குப் பல வாரக் கூண்டு ஓய்வே போதும், சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில் மறுபடி நடப்பது தங்கியிருக்கிறது.

நான்காவது மாடிக்காரர் எல்லா நாய்க்கும் தகுதியில்லாதவர் ஆகிவிடமாட்டார். அவருக்கு ஏற்ற, படியேறத் தயங்காத வேறொரு நாய் ஃபால்கென்பெர்க்கில் காத்திருக்கும். யாருக்கு எந்த நாய் என்று பொருத்தம் பார்ப்பதுதான் காப்பகத்தின் வேலை.

டாஷ்ஹண்ட் நம் ஊர் வீடுகளுக்கும் புதிதல்ல. அங்கே மரத்தரை என்றால் இங்கே வழவழப்பான டைல்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். நாயைக் கூட்டிவருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் ஒரு சாய்தளப் பலகை செய்து வாங்கலாம். கூடத்திலிருந்து வாசல்வரை வழுக்காத விரிப்புகள் போடலாம். நாய் வரும் அன்று அதெல்லாம் தயாராக இருக்கட்டும்.