கப்பலிலும் பெரட்டு உண்டு



தோட்டப் பள்ளி ஆசிரியைக்கு ஐரோப்பியக் கப்பலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், தன்னை வளர்த்த பாட்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 2025 மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில், மத்தியதரைக் கடலில் 7 இரவுப் பயணத்துக்கு எங்கள் இருவர் பெயரிலும் பணம் கட்டிவிட்டாள். அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே, 35 ஆண்டுகள் பால்மரம் சீவிய என் 74 வயது அம்மாவும் நானும் மட்டும் புறப்பட்டோம்.

அம்மாவின் தகப்பனார் ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்து வந்த கதையை அவர் சாகும்வரை சொல்வாராம். "எங்கப்பா வந்தது ஒரு கப்பல், நான் போறது ஒரு கப்பலா?" என்று அம்மா சிரித்தார்.

இப்போது நம் பிள்ளைகள் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, பெற்றோரை வெளிநாடு அனுப்பி வைக்கிறார்கள். அப்படி வாய்ப்புக் கிடைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

துறைமுகம் எங்கே இருக்கிறது?

விளம்பரத்தில் "ரோம்" என்று போட்டிருப்பார்கள். ரோமில் கப்பல் நிற்காது. அது நிற்கும் ஊர் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் நகருக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். "புளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ துறைமுகம். "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர். அங்கிருந்து பாரிஸுக்கு 200 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதை 2021 ஆகஸ்டு 1 முதல் இத்தாலிய அரசு தடை செய்துவிட்டது. ஆகவே பணம் கட்டுமுன், கப்பல் உண்மையில் எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பார்சிலோனாவில் ஏறினோம். முதல் நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்கினோம். விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும் என்பதால் இந்த ஒரு நாள் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி முதலிய ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா போக விசா எடுக்க வேண்டியதில்லை. 180 நாள்களில் 90 நாள் வரை தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துப் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் டிக்கெட் வாங்கும்போது மறுபடியும் விசாரித்துக்கொள்வது நல்லது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதனால் மாத்திரை, கடப்பிதழ், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், நான்கைந்து நாளுக்கு அதிகமாகவே மாத்திரை எடுத்துப் போங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணமும் உண்டு. பயணக் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள்.

சோறு பொங்கும் குக்கர், சுடுநீர்க் கேத்தல், இஸ்திரிப்பெட்டி எதையும் கப்பலில் விடமாட்டார்கள். நெருப்புப் பயம்தான் காரணம். இறைச்சியும் பால் சேர்ந்த பொருளும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் நன்றாகக் கட்டிய பொட்டலத்தில் எங்களோடு வந்தது. அங்குள்ள மின்செருகிகள் இரண்டு உருண்டைக் கால் உள்ளவை. அதற்கேற்ற இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலில் நடந்த பெரட்டு

ஏறிய அன்று பிற்பகலில் சங்கு ஊதியது. ஏழு முறை குறுக்கி, ஒரு முறை நீட்டி ஊதினார்கள். அறைக் கார்டில் குறித்திருந்த இடத்துக்கு எல்லாரும் போய்க் கூட வேண்டும். அங்கே ஒருவர் கார்டைப் பார்த்து ஆள் வந்ததைக் குறித்துக்கொண்டார். இன்னொருவர் உயிர்காப்புச் சட்டை போடும் விதத்தைக் காட்டினார்.

"இது நம்ம பெரட்டுத்தானே?" என்றார் அம்மா.

அவர் சொன்னது சரி. ஆங்கிலத்தில் இதற்கும் "மஸ்டர்" என்றே பெயர். தோட்டத்தில் விடியற்காலையில் கிராணி பேர் கூப்பிட்ட அதே மஸ்டர்தான்.

சில பயணிகள் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பழைய சேதி தெரிந்திருக்காது. 2012 ஜனவரி 13 அன்று இரவு, கோஸ்டா கொன்கோர்டியா என்ற பெரிய கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அந்த விபத்துக்குப் பின் விதி மாறியது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்தியாக வேண்டும். சங்கு ஊதினால் தட்டிக் கழிக்காமல் போய் நில்லுங்கள். அறையிலிருந்து அந்த இடத்துக்கு மின்தூக்கி இல்லாமல், படி வழியாக ஒரு முறை நடந்து பாருங்கள்.

சாப்பாடும் செலவும்

மூன்று வேளைச் சாப்பாடு கட்டணத்தில் அடங்கும். ஆனால் பல ஐரோப்பியக் கப்பல்களில், உணவு மேசையில் கேட்கும் தண்ணீர்ப் புட்டிக்குத் தனிக் காசு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பிடுமுன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவும்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. எல்லாம் அறைக் கார்டில் ஏறும். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 யூரோ எங்கள் கணக்கில் ஏறியது. இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கைப்பேசியை "விமானப் பயண" நிலையில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால், நடுக்கடலில் அது கப்பலின் துணைக்கோள் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். வீடு திரும்பியதும் பில்லைப் பார்த்து அழ வேண்டியிருக்கும்.

கப்பல் காத்திருக்காது

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

சிவிட்டாவெக்கியாவில் மாலை 5.30க்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். 6 மணிக்குப் புறப்பாடு. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்தில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமே போனால் காத்திருக்காது. செலவு அதிகம் என்று நான் இரயிலில் அழைத்துப் போனேன். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கி, புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அங்கே கட்டாயம். அம்மாவின் சேலையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பார்த்து முடித்ததும் "திரும்பலாம் புள்ள" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து கொலோசியத்தைப் பார்க்காமல் போவதா என்று இழுத்துக்கொண்டு போனேன். "மணியப் பாரு, பெரட்டுக்குப் பிந்துனா பேரு கெடையாது" என்று அவர் மூன்று முறை சொன்னார். தெர்மினி நிலையத்துக்கு வந்தால், நான் குறித்து வைத்த இரயில் ஓடவில்லை. அடுத்த இரயிலில் ஏறியபோது என் கை நடுங்கியது. அம்மாவின் மாத்திரையும் எங்கள் இருவர் கடப்பிதழும் கப்பல் அறையில் இருந்தன.

5.05க்கு ஊர் வந்து சேர்ந்தோம். நிலையத்திலிருந்து துறைமுகப் பேருந்து நிற்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும். முழங்கால் வலியோடு அம்மாவால் நடக்க முடியவில்லை. கேட்ட காசைக் கொடுத்து டாக்சி பிடித்தேன். கப்பல் வாசலில் கார்டைக் காட்டியபோது 5.27.

மேல்தட்டுக்கு வந்து நின்றோம். 6 மணிக்குச் சற்றுமுன் ஏணியை உள்ளே இழுத்தார்கள். அப்போது இளம் தம்பதி ஒன்று பைகளோடு ஓடி வந்தது. கை தட்டிக் கூப்பிட்டார்கள். கப்பல் மெல்ல விலகியது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

ஆகவே, கரைக்குப் போனால் இரண்டு மணி நேரம் முன்பாகவே துறைமுகம் திரும்புங்கள். கடப்பிதழின் நகலைக் கையில் வையுங்கள். அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மாத்திரை எப்போதும் பையில் இருக்கட்டும்.

அறையைத் துப்புரவு செய்த தம்பி

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் ஜாவாவிலிருந்து வந்த இளைஞர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மலாய் நன்றாக வரும். இரண்டாம் நாளே இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பந்தம் 8 மாதமாம். பிறந்த குழந்தையை இன்னும் கையில் தூக்கவில்லையாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா, படுக்கையைத் தாமே மடித்து வைத்துவிடுவார். "எங்கப்பாவும் இப்படித்தான் ஒப்பந்தத்துல வந்தாரு" என்றார் என்னிடம்.

கடைசி நாள் அந்தத் தம்பி கையில் தனியாகக் கொஞ்சம் பணமும், மிச்சமிருந்த ஊறுகாயும் கொடுத்தார். அவர் அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

கப்பலைப் பார்த்து நாம் மிரள வேண்டியதில்லை. சங்குக்கு எழுந்து, நேரத்துக்குப் போய் நின்று, பேர் வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனால் போதும். கூட வரும் பெரியவர்கள் "திரும்பலாம்" என்று சொன்னால், தயவுசெய்து திரும்பிவிடுங்கள்.