ஹாமா, மரைனா? காரைக்காலில் இருந்து ஒரு கணக்கு

காரைக்கால் பீச்சில் நின்று நேர் கிழக்கே பாருங்க. அந்தத் திசையிலேயே ஒரு கோடு போட்டால் சுமார் 1400 கிலோமீட்டர் தள்ளி அந்தமான் வருது. நடுவில் தண்ணீரைத் தவிர வேறு ஒண்ணும் இல்லை. பாய்மரப் படகில் 5 நாட் வேகத்தில் போனால் போர்ட் பிளேர் போய்ச் சேர ஆறு நாளுக்கு மேல் ஆகும். முதல் நாளே மொபைல் சிக்னல் போயிடும்.

இந்தப் பயணத்துக்கு நீங்க கிளம்புறீங்கன்னு வைச்சுக்குங்க. பட்ஜெட் கம்மி. ஹாம் ரேடியோ வாங்குவீங்களா, மரைன் ரேடியோ வாங்குவீங்களா?

"பாய்மரப் படகா, நம்ம ஊர்லயா?"ன்னு சிரிக்காதீங்க. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் தேதி திரும்பி வந்தது கடற்படையின் ஐஎன்எஸ்வி தாரிணி. 56 அடி பாய்மரப் படகு. உள்ளே இரண்டே பேர்: லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. தில்னா கோழிக்கோடு. ரூபா நம்ம புதுச்சேரிக்காரர். அதனால் கேள்வி நமக்கு ரொம்ப தூரத்துக் கேள்வி கிடையாது.

முதலில் விஹெச்எஃப். மரைன் விஹெச்எஃப் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யுது. இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 வரை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, ஒரே குணம்: ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு வந்தால் அதோட சரி. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியா போட்டுக் கூட்டணும்.

போட்டுப் பார்ப்போம். பாய்மரப் படகில் மாஸ்ட் உச்சி 16 மீட்டர் என்றால் 16.5 கிலோமீட்டர். அதே உயரத்தில் இன்னொரு படகு இருந்தால் இரண்டும் சேர்ந்து 33 கிலோமீட்டர். நம்ம ஃபைபர் போட்டில் ஆன்டெனா 4 மீட்டரில் இருந்தால் வெறும் 8 கிலோமீட்டர். இரண்டு ஃபைபர் போட்டுக்கு நடுவில் 16. கவனிச்சீங்களா, இந்தக் கணக்கில் வாட் எங்கேயுமே வரலை. 25 வாட் செட் வாங்கினாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் போகாது. 5 நாட் என்பது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். போர்ட் பிளேர் பயணத்தில் நாலு மணி நேரம் தாண்டினால், காரைக்காலில் அதே உயர ஆன்டெனாவோடு உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு உங்க குரல் கேட்காது.

மிச்சம் கிட்டத்தட்ட ஆறு நாளுக்கு ஹெச்எஃப் வேணும். 14 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய் அயனி மண்டலத்தில் வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பாய்மரப் படகுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மாஸ்டைப் பின்பக்கமா இழுத்துப் பிடிக்கும் எஃகு கம்பியில் மேலேயும் கீழேயும் இன்சுலேட்டர் போட்டால் அதுவே பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஆன்டெனா. ஃபைபர் போட்டில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை.

ஹெச்எஃப்-இல் ஹாம், மரைன் இரண்டுமே இருக்கு. சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் சிங்கிள் சைட் பேண்ட்தான். ஆனால் விலை பல மடங்கு வேறுபடும். சில மரைன் செட்டுகள் ஹாம் அலைவரிசையிலும் பேசும். அப்போ கூடக் காசு கொடுத்து எதை வாங்குறோம்?

கேட்கிறவரை வாங்குறோம். மரைன் விஹெச்எஃப் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஒரே சேனல். பெரிய கப்பல்களின் பிரிட்ஜில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது கடமை. ஜிஎம்டிஎஸ்எஸ் என்கிற உலகப் பாதுகாப்பு ஏற்பாடு 1999 பிப்ரவரியில் முழுசா அமலுக்கு வந்தது. அதன்படி சேனல் 70-இலும், தூரத்துக்கு 8414.5 கிலோஹெர்ட்ஸ் மாதிரியான அலைவரிசைகளிலும் கப்பலில் உள்ள கருவி இருபத்துநாலு மணி நேரமும் டிஎஸ்சி அழைப்புக்காகக் காத்திருக்கும். உங்க செட்டில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒண்ணு இருக்கும். மூடியைத் திறந்து சில வினாடி அழுத்திப் பிடித்தால் படகின் ஒன்பது இலக்க எண்ணும், ஜிபிஎஸ் இணைத்திருந்தால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். அந்தப் பக்கம் அலாரம் அடிக்கும். தூங்குறவரும் எழுந்துக்கணும்.

ஹாமில் அப்படிக் கடமை யாருக்கும் இல்லை. பிரியத்துக்காகக் கேட்கிறவங்க. ஆனால் அந்தப் பிரியத்தைக் குறைவா எடை போடாதீங்க. நாம போகிற அதே போர்ட் பிளேரில் 2004 டிசம்பரில் நடந்ததைப் பாருங்க. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, அரசிடம் ரொம்ப நாள் போராடி அனுமதி வாங்கி, அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நடத்தப் போயிருந்தாங்க. ஹாம்களுக்கு அந்தமான் அரிய இடம். தொடர்பு கிடைத்தால் பெரிய பெருமை. டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. காரைக்கால் கரையில் அந்தக் காலை என்ன ஆச்சுன்னு உங்க வீட்டில் கேட்டுப் பாருங்க. அந்தமானில் போன் தொடர்பு அறுந்து போச்சு. பொழுதுபோக்குக்குப் போன அந்தக் குழு, தீவில் இருக்கிறவங்க உயிரோடு இருக்காங்களா என்கிற தகவலை மெயின்லேண்டுக்கு அனுப்பும் வேலையில் இறங்கியது. யாரும் சம்பளம் கொடுக்கலை. யாரும் உத்தரவும் போடலை.

இன்னொரு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 2018 செப்டம்பர் 21. கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாகப் போன கமாண்டர் அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு, பெர்த்துக்கு மேற்கே சுமார் 1900 கடல் மைலில் புயலில் சிக்கி மாஸ்ட் உடைஞ்சது. முதுகில் பலத்த அடி. அவரால் எழுந்து நடக்க முடியலை. அவசர பீக்கனும், செயற்கைக்கோள் வழியா அனுப்பிய சின்னச் சின்ன எழுத்துச் செய்திகளும்தான் வெளியே போச்சு. நம்ம கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டுபிடிச்சது. 24-ஆம் தேதி ஒசிரிஸ் என்கிற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டது. மாஸ்ட் போனால் மாஸ்டில் இருக்கும் ஆன்டெனாவும் போகும், அந்தப் பின்கம்பியும் போகும். முதுகு போனால் டயலைத் திருப்பி, பேண்ட் பார்த்து, நெட் தேடிப் பேச ஆள் இல்லை. படகிலேயே அனுபவம் குறைந்தவர், மோசமான நிலையில், இருட்டில், ஒரு கையால் இயக்க முடியுமா? எந்தச் செட் வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஹெச்எஃப்-க்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. 14 மெகாஹெர்ட்ஸில் நீங்க கூப்பிட்டால் 1500 கிலோமீட்டர் தள்ளி ஒருத்தருக்குத் தெளிவா கேட்கும். 150 கிலோமீட்டரில் போகிற கப்பலுக்குச் சுத்தமா கேட்காமல் போகலாம். அலை தலைக்கு மேலே தாண்டிப் போயிடும். தூரத்து ஹாம் உங்க செய்தியைக் கடலோரக் காவல்படைக்குச் சொல்ல முடியும், 1554 என்ற எண்ணுக்கு போன் போட முடியும். கயிறு வீசப் போவது பக்கத்தில் இருக்கிற கப்பல். அதை எழுப்ப விஹெச்எஃப் வேணும்.

லைசென்ஸ் விஷயமும் சொல்லிடறேன். மரைன் செட்டுக்குப் படகின் பெயரில் உரிமம், இயக்குபவருக்குச் சான்றிதழ். ஹாமுக்கு ஏஎஸ்ஓசி பரீட்சை. 12 வயசு ஆனால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஆனால் ஹாம் செட்டைக் கப்பலில் வைத்து இயக்கத் தனி அனுமதி வேணும். வியாபாரம் பேசவே கூடாது. மீன் விலை கேட்பது, ஐஸ் ஆர்டர் பண்ணுவது எல்லாம் அதில் வராது.

இந்த இடத்தில்தான் என் சித்தப்பா வருகிறார். ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். கையில் ஆன்லைனில் வாங்கிய மலிவான வாக்கி டாக்கி. ஹாம் அலைவரிசை, மரைன் அலைவரிசை இரண்டிலும் பேசக்கூடிய செட். நான் ஏஎஸ்ஓசி பாஸ் பண்ணினதும் கேட்டார்.

"ஒன் லைசென்ஸை வச்சி நாங்க இதுல பேசிக்கலாமாடா?"

"இல்ல சித்தப்பா. லைசென்ஸ் எனக்குத்தான். செட்டுக்கு இல்ல. தொழில் பேசவும் கூடாது."

"புயல்ல மாட்டுனா?"

"அப்ப எதுல வேணா கூப்பிடலாம். உலக விதியே அப்படித்தான். ஆனா கேக்க ஆள் இருக்கணுமே?"

"பக்கத்துப் போட்டுக்காரன் கேப்பான். அவனும் இதே செட்டுதான்."

இந்தப் பதிலை என்னால் லேசா தள்ள முடியலை. சட்டப்படி அந்தச் செட் தப்பு. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட செட்டுகளை விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் அவரும் கேட்கிறவரைப் பார்த்துத்தான் செட் வாங்கியிருக்கார். முதலில் வந்து இழுக்கப் போவது பக்கத்துப் போட்டுதான் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அந்தக் கணக்கு எங்கே உடையும் என்றால், எல்லாப் போட்டும் ஒரே புயலில் மாட்டும்போது. 2017 நவம்பர் 30, ஓகி. கன்னியாகுமரிப் பக்கம் தங்கல் தொழிலுக்குப் போனவங்க கரையின் விஹெச்எஃப்-க்கு எட்டாத தூரத்தில் இருந்தாங்க. பக்கத்துப் போட்டும் அதே தண்ணியில். அப்போது தேவைப்பட்டது வெளியாள்: கடந்து போகும் சரக்குக் கப்பல், காவல்படை. அவங்க கேட்பது சேனல் 16. நண்பர்கள் தமக்குள் பேசும் ஏதோ ஒரு அலைவரிசையில் அவங்க இல்லை.

அதனால் சித்தப்பாவுக்கு நான் சொன்னது: மரைன் விஹெச்எஃப் கைக்கருவி, தண்ணி புகாதது. கூப்பிட 16, பக்கத்துப் போட்டோடு பேச 72, 77 மாதிரி கப்பலுக்குக் கப்பல் பேசும் சேனல். பழைய பழக்கம் எதுவும் போகாது, கேட்கிறவங்க மட்டும் கூடுவாங்க. கூடவே, 2024 ஆகஸ்ட் 30-இல் பால்கரில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டருக்கு மீன்வளத் துறையில் பெயர் கொடுக்கச் சொன்னேன். "விலை?"ன்னு மட்டும் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஈசிஇ பாடத்தில் அதுக்கு ஃபார்முலா கிடையாது. சங்கத்தில் சேர்ந்து வாங்கினால் குறையுமான்னு விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போ உங்க போர்ட் பிளேர் பயணம். என் வரிசை இது. முதலில் டிஎஸ்சி உள்ள மரைன் விஹெச்எஃப், ஆன்டெனா மாஸ்ட் உச்சியில். மாஸ்ட் போனால் கைக்குக் கைக்கருவி ஒண்ணு. அடுத்து 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். அதன் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரில் இருக்கும் மையத்துக்குப் போகும். இந்த இரண்டுக்கும் பிறகு காசு மிஞ்சினால் ஹெச்எஃப். அங்கே முடிந்தால் மரைன் செட். முடியலைன்னா அனுமதியோடு ஹாம் செட். ஆறு நாள் ராத்திரியில் தனியா வாட்ச் நிற்கும்போது, ஒரு மனுஷக் குரல் "இன்னிக்குக் காத்து எப்படி இருக்கு?"ன்னு கேட்பதும் பாதுகாப்புதான். அமெரிக்கப் பக்கம் 14.300 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் தினமும் படகுகளுக்காகவே நெட் நடத்துறாங்க. வங்காள விரிகுடாவுக்கு அப்படி ஒண்ணு நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து தொடங்க என்ன தடை?

தடை ஒண்ணே ஒண்ணு: லைசென்ஸ் உள்ளவங்க நாலு பேர் வேணும். நான் ஒருத்தன் இருக்கேன். இந்த வருஷத்தோடு நான் கிளம்பிடுவேன். மிச்ச மூணு பேர் இதைப் படிக்கிற ஜூனியர்களில் இருக்கணும். ஏஎஸ்ஓசி பாடத்தில் பாதி உங்க மூணாவது செமஸ்டரிலேயே வந்திருக்கும். விண்ணப்பம் போடுங்க. டவுட் இருந்தால் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வாங்க, ஆன்டெனா கம்பியைப் பிடிக்க ஆள் தேவைப்படுது.