ஸ்னோரி என்றொரு பெயர்



சற்று நீளமான பதிவு. ஒரு பீரியடுக்கு உட்கார்ந்த மாதிரி நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பேரன் வந்திருந்தான். தோர் படம் பார்த்துக்கொண்டே, "தாத்தா, இந்தச் சாமி கதையெல்லாம் முதல்ல யார் எழுதினது?" என்று கேட்டான். முப்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்று பெயர் வந்தது. ஐஸ்லாந்துக்காரர், 13-ஆம் நூற்றாண்டு. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த நாட்டுப் பழங்கதைகளில் எங்கே திரும்பினாலும் ஒரு ஸ்னோரி நிற்கிறார். ஒருவர் தொண்டையில் தைத்த அம்பை இன்னொருவர் பிடுங்குகிறார், அவரும் ஸ்னோரி, இவரும் ஸ்னோரி. சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தொடங்கினேன். பார்த்ததைச் சொல்கிறேன். கடைசியில் என் சொந்த விஷயம் ஒன்றும் இருக்கிறது.

ஐஸ்லாந்தின் பழங்கதைகளுக்கு சாகா என்று பெயர். பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அவை சொல்லும் காலம் அதற்கு இருநூறு, முந்நூறு வருடம் முந்தியது. அதில் வரும் ஒரு கொலையிலிருந்து இந்தப் பெயர் தொடங்குகிறது.

தோர்கிரிம் என்று ஒரு தலைவன். அவன் மனைவி தோர்டிஸ் நிறைமாதக் கர்ப்பிணி. அவளுடைய உடன்பிறந்தான் கீஸ்லி, ஒரு பழிக்குப் பழியாக, இரவில் வீட்டுக்குள் புகுந்து படுக்கையிலேயே தோர்கிரிமை ஈட்டியால் குத்திக் கொன்றுவிடுகிறான். அதாவது, பிறக்கப்போகும் பிள்ளையின் தகப்பனைத் தாய்மாமனே கொன்றான். சில நாளில் ஆண் குழந்தை பிறந்தது. செத்தவர் பெயர் வீட்டில் நிலைக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் குழந்தைக்கும் தோர்கிரிம் என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் பையன் சொன்ன பேச்சுக் கேட்காதவன், முரடன். ஊரார் அவனை ஸ்னெரிர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 'ஸ்னெர்ரா' என்றால் அவர்கள் பழைய மொழியில் தாக்குதல், கைகலப்பு. நம்மூரில் 'சண்டைக்கோழி' என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாக அது ஸ்னோரி என்று ஆனது. தகப்பன் பெயர் போய்ப் பட்டப்பெயர் நின்றுவிட்டது. சாகா சொல்லும் பெயர்க்காரணம் இதுதான்.

இந்த முரட்டுப் பையன் பிற்காலத்தில் கத்தியைவிடப் புத்தியை நம்பியவர் என்று பேர் வாங்கினார். 'கோதி' என்றால் ஊர்த்தலைவரும் பூசாரியும் சேர்ந்த ஒரு பதவி. அதனால் இவரை ஸ்னோரி கோதி என்பார்கள். விடலைப் பருவத்தில் நார்வே போய்த் திரும்பியபோது, கூட வந்தவர்கள் பகட்டாக உடுத்தியிருக்க இவர் மட்டும் சாதாரணக் கறுப்புப் போர்வையோடு வந்தார். ஊர் சிரித்தது. சித்தப்பன் முறையான போர்க், தோர்டிஸை மறுமணம் செய்துகொண்டு ஹெல்காஃபெல் பண்ணையில் இருந்தான். பையன் தன் பங்கைக் கேட்டதும், இவனிடம் ஏது பணம் என்று நினைத்து நிலத்துக்குக் குறைந்த விலை சொல்லி, பணம் உடனே வேண்டும் என்றான். பையன் வெள்ளியை எடுத்து எண்ணி வைத்துவிட்டான். பண்ணை அவனுக்கு வந்தது.

அம்புக் கதையும் இவருடையதுதான். ஸ்னோரியை வளர்த்தது தோர்பிராண்ட் என்பவர் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கும் ஸ்னோரி என்று பெயர். ஒரு சண்டை முடிந்து காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் நடக்கிறது. இந்த இரண்டாவது ஸ்னோரி சிரித்த முகமாகச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் மெதுவாகச் சாப்பிடுகிறான். கோதி அதைக் கவனித்துவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்தால், நாக்கின் அடியில் குறுக்கே அம்பு முனை தைத்திருக்கிறது. இடுக்கியால் பிடுங்கி எடுத்தார். வகுப்பில் ஒரு பையன் வாடியிருந்தால் கவனிக்கவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டிருப்பவனையும் கவனிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கி.பி. 1000-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து மக்கள் ஆல்திங் என்ற தங்கள் பொதுச்சபையில் கூடி, கிறிஸ்தவத்தை ஏற்பதா என்று விவாதித்தார்கள். எரிமலை வெடித்த செய்தி அப்போதுதான் வந்தது. பழைய தெய்வங்களுக்குக் கோபம் என்றார்கள் சிலர். சபை கூடியிருந்த திங்வெட்லிர் என்ற இடமே முன்னொரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பாறைதான். நாம் நிற்கும் இந்தப் பாறை எரிந்தபோது தெய்வங்களுக்கு யார்மேல் கோபம் என்று ஸ்னோரி கோதி கேட்டதாக ஒரு பழைய நூல் சொல்கிறது. அவர் 1031-ல் இறந்தார். ஊர் வைத்த கேலிப்பெயர் அதற்குள் மரியாதையான பெயராகிவிட்டது.

இனி மூன்றாவது ஸ்னோரி. இதில் நான் உங்களுக்கு ஒரு திருத்தம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1492-ல் கொலம்பஸ் என்று கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, மறந்தவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றினேன் அல்லவா? அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முன்பே ஐஸ்லாந்து, கிரீன்லாந்து மக்கள் வட அமெரிக்காவில் கால் வைத்துவிட்டார்கள். தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்ற வணிகரும் அவர் மனைவி குட்ரீடும் ஆட்களோடு கப்பலில் போய், வின்லாந்து என்று அவர்கள் அழைத்த கரையில் குடியேறப் பார்த்தார்கள். தொண்டையில் அம்பு வாங்கிய ஸ்னோரியும் அந்தக் கூட்டத்தில் போனதாக ஒரு சாகா சொல்கிறது. அங்கே குட்ரீடுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் ஸ்னோரி என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்ததாகப் பெயரோடு நமக்குத் தெரிந்த முதல் ஐரோப்பியக் குழந்தை அதுதான்.

அந்த மண்ணின் மக்களோடு மோதல் வந்ததால் குடியேற்றம் நிலைக்கவில்லை. குழந்தைக்கு மூன்று வயதானபோது திரும்பிவிட்டார்கள். பிறகு ஐஸ்லாந்தின் வடக்கே கிளாம்பேர் என்ற ஊரில் இந்த ஸ்னோரி விவசாயியாக வாழ்ந்தார். தாய் குட்ரீட் ரோமாபுரிக்குப் புனிதப் பயணம் போயிருந்த நேரத்தில் அவளுக்காக ஒரு தேவாலயம் கட்டிவைத்தார். அந்த ஊரில் இன்று குட்ரீடின் சிலை இருக்கிறது. தோளில் சின்னஞ்சிறு ஸ்னோரி நிற்கிறான்.

வெறும் கதை என்று தள்ள முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அவர்கள் தங்கிய வீடுகளின் அடித்தளங்களை ஹெல்கே இங்ஸ்டாட், அன்னே ஸ்டீனே இங்ஸ்டாட் என்ற நார்வே தம்பதி 1960-களில் தோண்டி எடுத்தார்கள். இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகள் அங்கே கிடைத்தன. 993-ல் விண்வெளிக் கதிர்வீச்சு ஒன்று உலகத்து மரவளையங்களிலெல்லாம் தடம் பதித்திருக்கிறது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணிப் பார்த்து, அந்த மரங்கள் வெட்டப்பட்டது 1021-ல் என்று 2021-ல் அறிவித்தார்கள். ஆகவே, பெஞ்சுமேல் நின்றவர்கள் எல்லாரும் இப்போது உட்காரலாம்.

நான்காமவர்தான் பேரன் கேட்ட கேள்விக்குப் பதில். ஸ்னோரி ஸ்டுர்லுசன், 1179-ல் பிறந்தவர். ஸ்னோரி கோதியின் வம்சம். கோதியை அடக்கம் செய்த தேவாலயத்தை வேறிடத்துக்கு மாற்றியபோது எலும்புகளைத் தோண்டி எடுத்தார்களாம். இந்த ஸ்டுர்லுசனின் தாய் குட்னி பக்கத்தில் நின்று பார்த்து, பெரிய ஆகிருதி இல்லை, நடுத்தர உடம்புக்காரர்தான் என்று சொன்னதாகச் சாகாவின் கடைசியில் வருகிறது. வம்சத்தின் பெரிய மனிதருடைய எலும்பைப் பார்த்த அந்த அம்மாளின் வீட்டிலும் அதே பெயரில் ஒரு மகன்.

இவர் ஆல்திங் சபையில் இரண்டு முறை சட்டம் சொல்லும் தலைவராக இருந்தார். தோர், ஓடின், லோகி கதைகளையும் பழைய செய்யுள் இலக்கணத்தையும் 'எட்டா' என்ற நூலில் தொகுத்தார். நார்வே மன்னர்களின் வரலாறான 'ஹெய்ம்ஸ்கிரிங்லா'வும் இவருடையது என்பார்கள். ஊரே மதம் மாறி இருநூறு ஆண்டு ஆன பிறகு, பழைய தெய்வக் கதைகள் தெரியாவிட்டால் பழைய பாட்டும் புரியாது என்று உட்கார்ந்து எழுதியவர். வாத்தியார் வேலைதான். ஆனால் ஆள் சாதுவல்ல. சொத்தும் அதிகாரமும் சேர்ப்பதில் கெட்டிக்காரர், மருமகன்கள் சிலரோடு பகை. நார்வே மன்னர் தடுத்தும் ஊர் திரும்பினார். மன்னர் பக்கம் நின்ற முன்னாள் மருமகன் கிஸ்ஸுர், 1241 செப்டம்பரில் ரேக்ஹோல்ட் பண்ணையில் ஆட்களோடு இரவில் புகுந்தான். நிலவறையில் ஒளிந்திருந்தவரை ஐந்து பேர் இறங்கி வெட்டிக் கொன்றார்கள். வெட்டாதீர்கள் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அவர் குளித்த வெந்நீர்க் குளம் இன்றும் அங்கே இருக்கிறது.

கோதி கொலையில் பிறந்தவர், இவர் கொலையில் முடிந்தவர். ஆனாலும் ஐஸ்லாந்தில் இன்றும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை ஆசையாக வைக்கிறார்கள். ஸ்னோரி ஹ்யார்ட்டர்சன் என்ற கவிஞர் 1981-ல் நார்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசு பெற்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஹேண்ட்பால் அணியில் ஸ்னோரி ஸ்டெய்ன் ஆடினார்.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டோட்டிர்' சேர்ப்பார்கள். ஸ்னோரியின் மகன் ஸ்னோரசன், மகள் ஸ்னோரடோட்டிர். மரம் என்ற நம் சொல் வேற்றுமை ஏற்கும்போது மரத்து என்று ஆவதுபோல, ஸ்னோரி என்ற பெயரும் ஸ்னோர என்று ஆகிறது. அச்சிட்ட தொலைபேசிப் புத்தகம் இருந்த காலத்தில் அதில்கூட முதற்பெயர் வரிசைதான் இருந்தது. நம் இனிஷியல் மாதிரிதான். தகப்பன் பெயர் பக்கத்தில் நிற்கும், ஆளின் பெயர் அவனுடையதுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் அங்கே உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தமிழய்யா சொல்லியிருப்பார்.

இப்போது என் விஷயம்.

எண்பதுகளில் என் வகுப்பில் ஒரு பையன். சொன்னால் கேட்கமாட்டான், அடித்தாலும் நகரமாட்டான். ஒருநாள் கோபத்தில் "சண்டிமாடே" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கும் அது பிடித்துப்போனது. பிறகு பதிவேடு எடுக்கும்போதுகூட "சண்டி வந்தாச்சா?" என்றுதான் கேட்பேன். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பான்.

சில வருடம் முன்பு முன்னாள் மாணவர் சந்திப்பில் அவன் வந்தான். இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டான். நான் பழைய நினைவில், "வாடா சண்டி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தனியே வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, தப்பா நினைக்கக்கூடாதுங்க. எம் பேரு எங்க தாத்தா பேருங்க. மாமனார் பேருன்னு எங்கம்மா அதைச் சொல்லமாட்டாங்க. வீட்டுல எல்லாருக்கும் நான் தம்பிதானுங்க. அந்தப் பேரை ஒருத்தர் வாய்விட்டுக் கூப்புட்டது பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்ல மட்டும்தானுங்க. ஏழாவதுக்கப்புறம் நீங்களும் கூப்புடலீங்க."

என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட அன்றைக்கு வாய் வரவில்லை.

ஸ்னோரி கோதியின் கதையைப் படித்தபோது அவன் ஞாபகம்தான் வந்தது. முரட்டுப் பிள்ளைக்கு வைத்த பட்டப்பெயர் ஆயிரம் ஆண்டு நிலைத்து, கவிஞனுக்கும் விளையாட்டு வீரனுக்கும் பெயரானது. அது அந்தப் பிள்ளை வளர்ந்து சம்பாதித்துக் கொடுத்த மரியாதை. பெயர் வைத்துச் சிரித்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. அதுவுமில்லாமல், செத்துப்போன தோர்கிரிமின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிய அந்தத் தாய் தோர்டிஸுக்கு, ஊர் அதைக் கைவிட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று சாகா சொல்லவில்லை.

போன வாரம் அவனுக்குப் போன் செய்தேன். அவன் எடுத்ததும் முழுப்பெயரையும், இனிஷியலோடு, பதிவேட்டில் உள்ளபடி சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உள்ளேன் ஐயா" என்றான்.

மன்னிப்பையும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றான். ஒன்றுமில்லாததை நாற்பது வருடம் யாரும் மனதில் வைத்திருக்கமாட்டார்கள்.

அவனைப்போல இன்னும் பலருக்கு நான் பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். சிலது எனக்கே நினைவில்லை, உங்களுக்கு இருக்கும். கீழே உங்கள் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதுங்கள். அதை யார் வைத்தார்கள் என்றும் தெரிந்தால் எழுதுங்கள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறேன். கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்