கைக்குழந்தையோடு மல்லூரைத் தாண்டி

சேலத்திலிருந்து ராசிபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். புது பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால், பையன் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் அம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிடலாம். கல்யாணமான நாளிலிருந்து அதை நான் ஒரு பிரயாணமாக நினைத்ததே இல்லை. 2020 ஜூன் மாதத்தில்தான் அந்த முப்பது கிலோமீட்டர் காசி யாத்திரை போல ஆகிவிட்டது.

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, இருபது வருஷச் சர்க்கரை. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷர். எனக்கோ இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை, கையில் ஐந்து வயதுப் பையன். போகாவிட்டால் அங்கே இரண்டு பேரும் பட்டினி. போனாலோ, நாமே நோயைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிட்டால்? இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை.

அந்த சமயம் தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம், நாமக்கல் எல்லாம் முதல் மண்டலம். ஜூன் 1 முதல் மண்டலத்துக்குள் இ-பாஸ் இல்லாமலே போகலாம், பஸ்ஸும் ஓடும் என்று ஆனது. "பஸ் ஓடும்போதே போய்ட்டு வந்துடு, பத்து நாள்தானே" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு லீவு கிடையாது.

குழந்தை டாக்டருக்கு போன் போட்டேன். கைக்குழந்தைக்கு முகக்கவசம் கட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூச்சுமுட்டினால் தானே இழுத்து எடுக்கத் தெரியாது. மூக்குக் குழலும் சின்னது. பெரிய பையனுக்குக்கூட, அவன் வைத்துக்கொள்கிற மட்டும் போதும், அடிக்க வேண்டாம் என்றார். அதே ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொன்னபோது அவரை நினைத்துக்கொண்டேன். "குழந்தைக்குக் கவசம் நீதானம்மா. நீ ஒழுங்காகக் கட்டிக்கொள், தாய்ப்பாலை நிறுத்தாதே" என்றார்.

கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும் என்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். புளிச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டேன். கோழியால் கொரோனா வருகிறது என்று யாரோ கிளப்பிய வதந்தியில் மார்ச்சில் நாமக்கல் முட்டை விலை படுத்ததே, நினைவிருக்கிறதா? பண்ணைக்காரர்கள் பட்ட கஷ்டம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நன்றாக வெந்த முட்டையில் எந்தப் பயமும் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இறங்கித்தான் சாப்பாடு என்று பையனிடம் முன்னாடியே சொல்லி வைத்தேன். பிளாஸ்க்கில் வெந்நீர், இரண்டு பாட்டில் தண்ணீர், சோப்புத் துண்டு, குழந்தைக்கு ஆறு துணி, கேழ்வரகு மாவு. கைக்கு ஊற்றும் சானிடைசர் என் இடுப்புப் பையில்தான். அது சாராயம் மாதிரி, பிள்ளை கையில் கொடுக்கிற சாமான் இல்லை.

கண்டக்டர் ஒரு ஸீட்டுக்கு ஒருத்தராக உட்காரவைத்தார். "ஏனுங்கம்மா, பச்சப்புள்ளைய வெச்சிருக்கீங்க, முன்னால ஜன்னலோரம் வந்துருங்க" என்றார். அந்த நாளில் எல்லாரும் கம்பியைத் துடை, ஸீட்டைத் துடை என்றுதான் பயந்தோம். நானும் ஈரத்துணியால் தேய் தேய் என்று தேய்த்தேன். இந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவுவது என்று பிற்பாடு தெளிவானபோதுதான், அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது என் ஈரத்துணி இல்லை, அந்த மொபஸல் பஸ்ஸின் மூடாத ஜன்னல்கள் என்று புரிந்தது. ஏ.ஸி. காருக்கு ஆசைப்பட்டோமே என்று சிரித்துக்கொண்டேன்.

சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் வெளிக்காற்று. மல்லூர் போனதும் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, ஜவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களங்கள். வழக்கமாக மூக்கைப் பிடிக்கவைக்கும் அந்தப் புளித்த வாடை முகக்கவசத்தைத் தாண்டி லேசாக வந்தபோது, ஊர் வந்துவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர். மல்லூருக்கு அப்பால் நாமக்கல் மாவட்டம். 1997 ஜனவரி வரை இது எல்லாமே ஒரே சேலம் மாவட்டம்தான். எல்லை எங்கே என்று நான் கவனித்ததே இல்லை. ஆண்டகளூர் கேட்டில் திரும்பியதும் போதமலை தெரிந்தது.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பையன் "அப்பிச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். என் வாழ்நாளில் செய்த கொடுமையான காரியம் அது.

எங்கள் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டாளும் வெளியே போகமாட்டார்கள். இது புதுசா என்ன என்று அம்மாதான் வழி சொன்னாள். அப்பா பதினான்கு நாள் மாடி அறை. நானும் பிள்ளைகளும் கீழே முன் கூடம். அம்மா அடுப்படிக்கு வரவேண்டாம், வாசல் திண்ணையில் இருந்தபடி எனக்கு வேலை சொன்னால் போதும். சமைத்த சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு நான் இறங்கின பிறகு அப்பா வந்து எடுத்துக்கொள்வார். சாயங்காலம் அவர் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் இவன் வாசலிலுமாக நின்று பேசுவார்கள். கை கழுவும்போது ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும் என்று பழக்கியிருந்தேன். அப்பிச்சி மேலிருந்து எண்ண, இவன் கீழே நுரையோடு எண்ணுவான். பதினேழில் எப்போதும் தப்பு விடுவான். அவரும் வேண்டுமென்றே தப்பு விடுவார்.

ஐந்தாம் நாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. பால் குடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றும் சரியாக இருந்தன. காலையில் டாக்டரிடம் போனில் சொல்லி, எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் சொட்டு கொடுத்தேன். இரண்டு நாளில் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு பல். அப்பாடா! மூச்சு இழுத்தாலோ, பால் மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ மட்டும் போனில் பேசிக்கொண்டிராதே, நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று அவர் சொல்லியிருந்தார்.

பதினான்கு நாள் முடிவதற்குள் ஜூன் 25 வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக மறுபடி இ-பாஸ். ஜூலையில் பஸ்ஸே நின்றது. கவனிக்காத அந்த மல்லூர் எல்லை ஒரு சுவராகவே நின்றுவிட்டது. பத்து நாளுக்கென்று வந்தவள் மூன்று மாதம் இருந்தேன்.

நான் செய்த பெரிய தப்பு அப்போதுதான் தெரிந்தது. ஆகஸ்டில் குழந்தைக்கு ஒன்பது மாதம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டும். தடுப்பூசி அட்டையோ சேலத்து அலமாரியில்! கொரோனா பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்ட தாய்மார்கள் ஏராளம். ஆனால் தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகத் தொற்றுவது, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொல்லாதது. கிராம சுகாதார நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். "அட்டைய போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க கண்ணு, புதங்கிழமை வெள்ளனே வந்துருங்க, கூட்டம் இருக்காது" என்றார். வீட்டுக்காரர் அனுப்பினார். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில், தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அந்த அட்டைதான் என் பையில் முதலில் ஏறுகிறது, நகைப் பெட்டி இரண்டாவது.

செப்டம்பர் 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். இரண்டு நாள் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து கிளம்பினோம். அம்மாவின் கட்டுப் பிரித்து, அவள் கையாலேயே தோசை சுட்டுப் போட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை அப்பாதான் பையனைத் தூக்கிவந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று "எங்கே, எண்ணு சாமி" என்றார்.

பையன் இருபது வரை எண்ணினான். இந்தத் தடவை பதினேழு சரியாக வந்தது.