எடை குறைந்தது, பொறுப்பு கூடியது

அண்ணனின் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, பந்திங்கில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். செப்பாங் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காகவே வைத்திருக்கிறார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பின்னிருக்கையைக் கழற்றினார். பிறகு, பன்னிரண்டு கிலோ ஈய மின்கலத்தை எடுத்துவிட்டு, மூன்றே கிலோ லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைப் பொருத்தினார். 2009இல் போர்ஷே நிறுவனமும் 911 ஜிடி3 காருக்கு லித்தியம் மின்கலத்தை அறிவித்தது. பத்து கிலோவுக்கு மேல் மிச்சம்.

ஜொகூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது, "வாரம் ஒரு தடவை பாத்துக்கோ தம்பி" என்றார். மூன்றாவது வாரம்தான் எனக்கு நினைவு வந்தது. மானி 12.8 வோல்ட் காட்டியது. நிறைந்திருக்கிறது என்று மூடிவிட்டேன். ஈய மின்கலத்துக்கு அது நிறைவு. இதற்கோ ஏறக்குறையக் காலி. நிறைந்திருந்தால் 13.3 அளவில் நிற்கும். கூடவே வந்த விளக்கத்தாளை நான் படிக்கவில்லை. காரின் அலாரம் இரவும் பகலும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் அண்ணன் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. அடியோடு தீர்ந்த லித்தியம் மின்கலம் பெரும்பாலும் மீள்வதில்லை.

அண்ணன் திட்டவில்லை. "நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். அதுதான் என்னைச் சுட்டது.

என் இரண்டு மாதப் பகுதிநேரச் சம்பளத்தில் புதியது வாங்கினோம். இப்போது காரை நிறுத்தியதும் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுகிறேன். லித்தியத்துக்கான சார்ஜரை மட்டுமே மாட்டுகிறேன். கந்தகப் படிவைக் கரைக்க மின்னழுத்தத்தை ஏற்றும் பழைய சார்ஜரை அண்டவிடுவதில்லை.

தூக்குவதற்கு இலேசுதான், பார்த்துக்கொள்வது அப்படியில்லை.