ஸ்கொட்லாந்துப் பேராசிரியரும் எங்கள் கரையும்

12 செப்டெம்பர் 2025, வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்ததும் ஞாயிறு வகுப்புக்கான குறிப்பை எடுத்து வைத்தேன். 1795. இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போகத் தொடங்கிய ஆண்டு. அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமான மூவர் ஸ்கொட்லாந்துக்காரர்: லண்டனில் போர் அமைச்சராக இருந்த ஹென்றி டண்டாஸ், படையை நடத்திய கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட், சென். அண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஹியூ கிளெக்ஹோர்ன். அவ்வாண்டு ஜனவரியில் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. இங்கிலாந்துக்கு ஓடி வந்த ஒல்லாந்து ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம், பெப்ரவரி 7இல் கியூ மாளிகையிலிருந்து, ஆங்கிலேயரை உள்ளே விடும்படி தன் குடியேற்றங்களுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் தலைவிதியில் பாதி அந்தக் கடிதத்தில் இருந்தது.

14 செப்டெம்பர், ஞாயிறு
பிள்ளைகளுக்குப் பிடித்தது கூலிப்படைக் கதைதான். கொழும்பைக் காத்தது டி மியூரோன் என்ற சுவிஸ் படை. அதன் சொந்தக்காரரான பிரபுவை நியூஷாட்டெலில் தேடிப் பிடித்த கிளெக்ஹோர்ன், மார்ச் மாதமே படையை ஆங்கிலேயர் பக்கம் மாற்ற ஒப்பந்தம் எழுதிவிட்டார். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்து, செங்கடல் வழியாக மலபார்க் கரைக்கு வந்தார். கொழும்பில் இருந்த பிரபுவின் தம்பிக்கு இதைச் சொல்லும் கடிதம் ஒரு சீஸ் கட்டிக்குள் ஒளித்துப் போனதாம். 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது.

பின் வாங்கில் இருந்தவன் கேட்டான்: “அப்ப எங்கட கிழக்குப் பக்கமும் சீஸாலதான் போனதா சேர்?”

16 செப்டெம்பர், செவ்வாய்
நல்ல கேள்வி. திகதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். திருகோணமலை ஓகஸ்ட் கடைசியில் விழுந்தது. மட்டக்களப்பு செப்டெம்பர் 18, யாழ்ப்பாணம் 28. அந்த நேரம் கிளெக்ஹோர்ன் இலங்கையிலேயே இல்லை. கிழக்கும் வடக்கும் போனது படையால். ஆனால் இலங்கையைப் பேரரசோடு சேர்த்த பெருமையை அவருடைய கல்லறைக் கல் அவருக்கே கொடுக்கிறது.

18 செப்டெம்பர், வியாழன்
மட்டக்களப்பில் ஓர் அலுவல். இன்றோடு 230 வருடம் என்பதால் கோட்டைக்குள்ளும் போய் வந்தேன். போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. நான்கு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. சுற்றி வரக் கால்மணி நேரம் போதும். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல்தான். அதுவரை கல்முனைக்காரருக்கும் கச்சேரி இந்தக் கோட்டைக்குள்தான். பிறப்பத்தாட்சி, காணி வழக்கு என்று எங்கள் மூத்தவாப்பாமார் ஏறி இறங்கிய படிகள்.

19 செப்டெம்பர், வெள்ளி
இஷாவுக்குப் பிறகு 1799ஆம் ஆண்டுக் குறிப்பைப் படித்தேன். கிளெக்ஹோர்ன் இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளராக இருந்தபோது அவ்வாண்டு ஜூனில் எழுதியது. தீவை வெகு காலமாக இரண்டு இனத்தார் பங்கிட்டிருக்கிறார்கள், தெற்கும் மேற்கும் சிங்களவருக்கு, வடக்கும் கிழக்கும் மலபார்களுக்கு (அன்று தமிழரைச் சொன்ன பெயர்) என்கிறார். தமிழர் தாயகம் பற்றிய வாதங்களில் இந்த வரி எத்தனையோ தடவை சாட்சிக்கு வந்திருக்கிறது. மறுப்பவர்களும் அதையேதான் பிய்த்துப் பார்த்தார்கள். சோனகர் அந்தக் கணக்கில் இல்லை. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இந்தப் பக்கம் குடியேற்றியது 1626இல். எழுதியவருக்கு 170 வருடத்துக்கும் முந்திய சங்கதி.

ஆளுநர் நோர்த்தோடு முரண்பட்டு 1800இல் அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதியது கொழும்புக் கந்தோரில் இருந்த ஓர் அதிகாரியின் கருத்து. யாருக்கும் அது காணி உறுதி அல்ல. எங்கள் வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பள்ளிவாசல் ஏடுகளிலும் பழைய உறுதிகளிலும்தான் தேட வேண்டும். கரையான் தின்னுமுன் அவற்றைப் படம் பிடித்து வையுங்கள் என்று அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.