கண்ணாடி அலமாரியும் மூடி வைத்த துளைகளும்



எங்கள் உம்மா வஃபாத்தான பின், அவர்களுடைய பொன்விளிம்புத் தேநீர்க் கோப்பைகள் ஆறு எங்கள் பங்குக்கு வந்தன. இலண்டனின் வடமேற்குப் புறநகர் ஒன்றில் வசித்து, சிறார் மத்ரஸாவில் பாடம் நடத்தி வரும் எங்களுக்கு, அவற்றை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. நல்லதொரு கண்ணாடி அலமாரி வாங்குவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

புதிய அலமாரிகளின் விலையை விசாரித்தபோதுதான் ஒரு வியப்பான செய்தி தெரிந்தது. நூறாண்டு கடந்த எட்வர்டியன் காலத்து அலமாரிகள் இங்குள்ள ஏலங்களில் பல சமயம் புதியவற்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சிறிய வீடுகளில் வாழும் இன்றைய தலைமுறையினர் கனமான பழைய மரச்சாமான்களை விரும்புவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான ஆண்டுகளையும், அதையொட்டி 1914இல் முதல் உலகப் போர் தொடங்கும் வரையிலான காலத்தையும் எட்வர்டியன் காலம் என்கிறார்கள். விக்டோரியா காலத்துப் பருமனான, செதுக்கல் மிகுந்த சாமான்களைப் போலன்றி இவை மெலிந்தவை. கீழே போகப் போகக் குறுகும் கால்கள், மெல்லிய மரச்சட்டங்களால் கோலமிட்டாற்போல் பிரிக்கப்பட்ட கண்ணாடிக் கதவுகள், மஹோகனிப் பலகையில் வெளிர்நிற மரத்தைக் கோடுகளாகவும் பூமாலைகளாகவும் பதித்த வேலைப்பாடு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தாமஸ் ஷெரட்டன் (1751–1806) என்ற வடிவமைப்பாளரின் பாணியை அக்காலத்துத் தச்சர்கள் மீண்டும் உயிர்ப்பித்தார்கள்.

இவற்றில் எங்கள் மண்ணின் வாசமும் கலந்திருக்கிறது. பதிப்பு வேலைக்குப் பயன்பட்ட மரங்களுள், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் முதிரை மரமும் ஒன்று. மேற்பரப்பின் பளபளப்புக்குக் காரணமான அரக்கும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தது.

ஒரு நவம்பர் மாதம், படத்தை மட்டும் பார்த்து ஏலத்தில் ஓர் அலமாரியை எடுத்தோம். கேட்பு விலை 180 பவுண்ட். வாங்குவோர் கட்டணம் 25 சதவீதம், அக்கட்டணத்தின் மீது 20 சதவீத வரி என்று மேலும் 54 பவுண்ட் சேர்ந்து 234 ஆயிற்று. ஏலத்தில் விலை கூறும் முன் இந்தக் கட்டணத்தைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

மே மாதம் வந்தது. அலமாரியின் பின்காலருகே தரைவிரிப்பில் மாவு சிந்தியது போலத் தூள் கிடந்தது. துடைத்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் தூள். விளக்கடித்துப் பார்த்தபோது பின்பலகையில் குண்டூசித் தலையளவில் புதிய துளைகள் தெரிந்தன. மரம் உளுத்துக்கொண்டிருந்தது.

ஏலக்கூடத்திற்குத் தொலைபேசியில் பேசினோம். "உள்ளது உள்ளபடியே விற்கிறோம்; பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய நிபந்தனைகளிலும் அப்படித்தான் இருந்தது. ஆயினும் எங்களுக்குக் கடுங்கோபம். குறையை அறிந்தே மறைத்து விற்றார்கள் என்று பல நாள் பேசித் தீர்த்தோம்.

அதன் பின் அனுபவமுள்ள ஒரு தச்சரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவற்றை, வாங்க எண்ணுவோருக்காக இங்கே சொல்கிறோம்.

அலமாரியை நேரில் சென்று, விளக்கோடு பாருங்கள். முகப்பைவிடப் பின்பலகையும் அடிப்பகுதியுமே உண்மையைச் சொல்லும். துளையின் விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருந்து, தூளும் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கலாம். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு அலமாரிகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவையா என்பதை மர இழைகளையும் திருகாணிகளையும் ஒப்பிட்டு அறியலாம். பழைய கண்ணாடியில் பிம்பம் இலேசாக அலையும். முற்றிலும் சமமாகத் தெரிந்தால் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். யானைத் தந்தம் பதித்த பொருள்களை விற்க 2022 முதல் இந்நாட்டில் கடும் சட்டத் தடை இருக்கிறது. சில விலக்குகளும் பதிவு செய்த பின்னரே கிடைக்கும்.

பராமரிப்பில் முதல் பகைவன் வெப்பம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அருகில் வைத்தால் மரம் சுருங்கி, மேலே ஒட்டிய மெல்லிய வெனீர்த் தகடு எழும்பும். நேர்வெயில் மஹோகனியின் நிறத்தை வெளுக்கச் செய்யும். நீரும் சூடான கோப்பையும் அரக்கு மெருகில் வெண்வளையம் உண்டாக்கும். ஆண்டுக்கு ஓரிருமுறை தேன்மெழுகை மெல்லப் பூசித் துடைத்தால் போதும். சிலிக்கோன் கலந்த தெளிப்பான்கள் வேண்டா. இடம் மாற்றும்போது கண்ணாடித் தட்டுகளை முதலில் எடுத்துவிட்டு, அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரியைச் சுவரோடு பிணைப்பது கட்டாயம். பழைய கண்ணாடி உடைந்தால் வாள்போல் பெரிய துண்டுகளாகச் சிதறும்.

உளுவுக்கு மருந்திட்டோம். பெர்மெத்ரின் கலந்த திரவம் பாலிஷ் பூசிய பரப்பில் இறங்காது. ஆகவே மெருகில்லாத பின்பலகையிலும் அடியிலும் தூரிகையால் பூசி, துளைகளுக்குள் குழாய்முனையால் செலுத்தினோம். பதினான்கு வயது மகள் விளக்குப் பிடித்தாள். மருந்து உலர்ந்த பின் துளைகளை நிறமெழுகால் அடைத்தோம். பழைய துளைகளை மூடிவிட்டால், புதிதாக ஒன்று தோன்றும்போது உடனே தெரியும் என்று அந்தத் தச்சர் சொல்லியிருந்தார். அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு கோடைகள் காத்திருந்தோம். தூள் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் மூன்றாம் மாடியில் உள்ள சிறிய வீட்டுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. படிக்கட்டோ மிகக் குறுகியது. அலமாரியை விற்க விளம்பரம் செய்தோம். வயது முதிர்ந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி வந்தார். கதவைத் திறந்து மூடினார்; பூமாலைப் பதிப்பைத் தடவிப் பார்த்தார். தம் தாயாரின் பியானோவுக்குப் பக்கத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார். 260 பவுண்ட் என்று பேசி முடித்து, 50 பவுண்ட் முன்பணம் தந்து, சனிக்கிழமை வண்டியோடு வருவதாகக் கூறிச் சென்றார். பின்பலகையை அவர் பார்க்கவில்லை. நாங்களும் காட்டவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "வாப்பா, அந்தத் துளைகளைப் பற்றி அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அதுதான் சரியாகிவிட்டதே" என்றோம்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எங்களுக்குத்தான் உணவு இறங்கவில்லை. அந்தப் புழு மரத்துக்குள் மூன்றாண்டுகளும் அதற்கு மேலும் மறைந்து வாழக்கூடியது என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு கோடைகள் தூள் விழாதது நல்ல அறிகுறியே தவிர, முடிவான சான்று ஆகாது. அருகில் ஒரு பியானோ வேறு. துளைகளைக் கண்காணிக்கப் பூசிய மெழுகு, அவற்றை மறைக்கும் திரையாக மாறிவிட்டிருந்தது.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதை உணர்ந்து, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்ற 'கியாருல் அய்ப்' சட்டத்தையும் நடத்துகிறோம். பாடத்தில் அந்த வணிகர் எப்போதும் வேறொருவராகவே இருந்தார். ஏலக்கூடத்தை நாங்கள் ஏசிய சொற்கள் ஒவ்வொன்றும் அன்றிரவு எங்களிடமே திரும்பி வந்தன. அவர்களாவது நிபந்தனையை எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் விடியும்வரை காத்திருந்து அந்தப் பெண்மணியை அழைத்தோம். எல்லாவற்றையும் சொல்லி, விரும்பினால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் கூறினோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். பியானோ இருப்பதால் வேண்டாம் என்று பணத்தைப் பெற்றுக்கொண்டார். அவர் எங்களைப் பாராட்டவில்லை. பாராட்டத் தேவையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, பழுதுபார்க்கும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். இம்முறை அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, மெழுகு அடைத்த இடங்களை மகளே விளக்கடித்துக் காட்டினாள். 120 பவுண்டுக்கு எடுத்துச் சென்றார்.

முதலில் பேசிய விலையோடு ஒப்பிட்டால் 140 பவுண்ட் குறைவு. மாதக் கடைசியில் அந்தத் தொகை எங்களுக்குச் சிறியதன்று. உம்மாவின் கோப்பைகளை இப்போது சமையலறைத் தட்டில் வைத்திருக்கிறோம். விருந்தினர் வந்தால் அவற்றில்தான் தேநீர். ஒன்றின் விளிம்பு சற்றே சிதைந்துவிட்டது. அதில் ஊற்றித் தரும்போது, "பார்த்துக் குடியுங்கள்" என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள்.

நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், அந்த உண்மையில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.